முட்டைக்கு ஒரு சின்னச் சட்டி: கேட்டவங்களும் நானும்

கே: அக்கா, நான் ஒரே ஆள். ரெண்டு முட்டை ஆம்லெட்டுக்கு எவ்வளவு பெரிய பேன் வாங்கணும்?

ப: 20 சென்டிமீட்டர் போதும். அட்டையில போட்டிருக்கிற அளவு மேல் விளிம்போடது. முட்டை பரவுறது அடியில, அது 14, 15தான் இருக்கும். அதனால டேப்பை அடியில வெச்சுப் பாருங்க. 24 எடுத்தா ரெண்டு முட்டையும் காகிதமாப் பரவி, திருப்புறதுக்குள்ள வறண்டுடும். ஓரம் சாய்வா இருக்கட்டும், கரண்டி உள்ளே போகணுமே.

கே: எந்த பிராண்டு நல்லது?

ப: பிராண்டு சொல்றதில்லை. கையில தூக்கிப் பாருங்க, அடி கனமா இருக்கணும்.

கே: எவர்சில்வர்ல ஆஃப்பாயில் போட்டா பாதி சட்டியோடவே போயிடுது.

ப: சூடு பத்தல, அவசரமும் ஜாஸ்தி. பச்சை முட்டையோட புரதம் வெறும் உலோகத்தைத் தொட்டா பிடிச்சுக்கும். சட்டியைக் காலியா மிதமான தீயில வைங்க. ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. சுர்னு ஆவியானா இன்னும் காயணும். முத்து மாதிரி உருண்டு ஓடினா காய்ஞ்சாச்சு. ஆனா முட்டைக்கு அந்தச் சூடு அதிகம். வெள்ளைக்கரு 62 டிகிரியிலேயே கெட்டியாக ஆரம்பிச்சுடும். அதனால தீயைக் குறைச்சு, எண்ணெய் விட்டு, அரை நிமிஷம் பொறுத்து உடைச்சு ஊத்துங்க. ஓரம் தானா எழும்புற வரைக்கும் கரண்டியைக் கையில எடுக்காதீங்க. இந்தக் காலிச் சட்டி வித்தை எவர்சில்வருக்கும் இரும்புக்கும் மட்டும். நான்ஸ்டிக்குக்குக் கிடையாது!

கே: நான்ஸ்டிக் விஷமா?

ப: அந்தப் பூச்சு பி.டி.எஃப்.இ.ங்கிற ஒரு வகை பிளாஸ்டிக், 1938ல அமெரிக்க வேதியியலாளர் ராய் பிளங்கெட் தற்செயலாக் கண்டுபிடிச்சது. துணுக்கு ஒண்ணு ரெண்டு வயித்துக்குள்ள போனா செரிக்காம வெளியே வந்துடும். சூட்டுக்குத்தான் பயப்படணும். 260 டிகிரி தாண்டினா பூச்சு சிதைய ஆரம்பிக்கும். ரொம்பக் காய்ஞ்சா வர்ற புகை கூண்டுப் பறவையைக் கொன்னுடும். காலி நான்ஸ்டிக்கைப் பெரிய தீயில வெச்சுட்டு ஃபோன் பேசப் போகாதீங்க.

கே: இரும்புச் சட்டியை சோப்பு போட்டுக் கழுவலாமா?

ப: கழுவலாம்.

(இடையில ஒருத்தர்: கூடவே கூடாது! தடவிச் சூடாக்கிப் பழக்கின எண்ணெய் எல்லாம் போயிடும். எங்க பாட்டி தொடவே விடமாட்டாங்க.)

ப: பழக்கினதுக்கு அப்புறம் அது எண்ணெயே இல்லைங்க. சூட்டுல ஒண்ணோடொண்ணு பிணைஞ்சு, இரும்போட ஒட்டின படலம். பாத்திரம் கழுவுற சோப்பு மேலே மிதக்கிற பிசுக்கைத்தான் எடுக்கும். பாட்டி காலத்து சோப்புல காரம் அதிகம், அவங்க சொன்னது அன்னிக்கு நியாயம்.

(அவரே: அப்போ என் சட்டியில கருப்பு ஏன் உரிஞ்சு வருது?)

ப: எண்ணெயைத் தடிமனாப் பூசியிருப்பீங்க. பூசினதும் துணியால துடைச்சு, பூசினதே தெரியாத அளவுக்கு வரணும். அப்படி மூணு நாலு தடவை அடுப்புல காய வைக்கணும். தக்காளி ஏதாவது வேக வெச்சீங்களா?

(அவர்: தொக்கு செஞ்சேன்.)

ப: புளிப்பு அரிச்சிருக்கு. சோப்பு மேல பழி போட்டீங்களே!

(வேறொருத்தர்: அப்போ சோப்புத் தண்ணியில ஊறப் போடலாமா?)

ப: ஐயோ, துருப்பிடிக்கும். கழுவி உடனே துடைச்சு, ஈரம் போக அடுப்புல காட்டி எடுத்துடுங்க.

கே: இண்டக்‌ஷனுக்கு ஆகுமான்னு எப்படிப் பார்க்கிறது?

ப: அடியில காந்தம் ஒட்டணும். அடி ரொம்பச் சின்னதா இருந்தா சில அடுப்பு சட்டியைக் கண்டுக்கவே கண்டுக்காது.

கே: முட்டை நடுவுல மட்டும் ஒட்டுது, எண்ணெய் ஓரத்துக்கு ஓடிடுது.

ப: அடி புடைச்சுடுச்சு. சூட்டோட குழாய்த் தண்ணியில பிடிச்சிருப்பீங்க. இனிமே ஆறவிட்டுக் கழுவுங்க.

கே: எந்த பிராண்டுன்னு சொல்லவே இல்லையே?

ப: மேலே பாருங்க.

கே: நான்ஸ்டிக் எத்தனை வருஷம் வரும்?

ப: முட்டை ஒட்ட ஆரம்பிக்கிற வரைக்கும். மரக் கரண்டி போடுங்க. காலியாப் பெரிய தீயில வைக்காதீங்க, மறுபடியும் சொல்றேன்.

கே: நல்ல பிராண்டா ஒண்ணே ஒண்ணு...

ப: அடுத்தவர் கேளுங்க.

கே: அக்கா, நீங்க சொன்ன மாதிரியே நான்ஸ்டிக்கைக் காலியா அஞ்சு நிமிஷம் ஃபுல் தீயில வெச்சுத் தண்ணி விட்டேன். முத்து மாதிரி அழகா உருளுது. அடுத்து என்ன செய்யணும்?

ப: அடுப்பை அணைங்க. ஜன்னலைத் திறங்க.