பொறுத்துப் போவதா அகிம்சை?

கேள்வி: வம்பு வேண்டாமென்று அநியாயத்தைப் பொறுத்துக்கொள்வதும் அகிம்சைதானே?

பதில்: நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். சொத்துப் பிரித்தபோது அக்காவுக்குப் பங்கில்லை என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. வீடு அமைதியாகத்தான் இருந்தது. அக்கா மட்டும் வருவதை நிறுத்திவிட்டார். அது அகிம்சை இல்லைங்க, பயம்.

அமெரிக்காவின் மாண்ட்கமரியில் 1955 டிசம்பரில் கறுப்பின மக்கள் செய்ததைப் பாருங்கள். பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர வேண்டுமென்ற விதியை எதிர்த்து, 381 நாட்கள் பேருந்தே ஏறவில்லை. வேலைக்கு நடந்தே போனார்கள். நடுவில், போராட்டத்தை வழிநடத்திய மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வெடித்தது. கொதித்து வந்த கூட்டத்தைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். புறக்கணிப்பை மட்டும் விடவில்லை. பேருந்தில் இனப் பாகுபாடு செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நடைமுறைக்கு வந்த பிறகுதான் ஏறினார்கள்.

சரி, அக்கா விஷயம்? போன மாதம்தான் பத்திரத்தோடு போனேன். இன்னும் முழுசாகப் பேசவில்லை.