நோன்பு நோற்காதவர் ரமலான் சந்தைக்குப் போகலாமா? உப்புப் பார்த்தவளின் பதில்

முஸ்லிம் அல்லாத ஒருவர் நோன்பு மாத மாலைகளில் உணவு விற்கும் கோலாலம்பூரின் ரமலான் சந்தைகளுக்குப் போகலாமா, போனால் யாரேனும் தவறாக நினைப்பார்களா, எந்தச் சந்தைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியைப் பார்த்தால், தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வேலைக்காக வந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பவர் என்று தோன்றுகிறது; என் ஊகம் பிழையானால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாராளமாகப் போகலாம். இங்கே பிறந்து வளர்ந்த சீனரும் இந்தியரும் காலங்காலமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். விற்பவர்களும் நெற்றியைப் பார்த்து வியாபாரம் செய்வதில்லை. ஆனால் எப்படி நடந்துகொள்ளக் கூடாது என்பதை நான் அவமானப்பட்டே கற்றுக்கொண்டேன் என்பதால், இந்தக் கேள்வியைக் கண்டதும் கடந்து போக மனம் வரவில்லை.

2005ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 1ஆம் தேதியும் நோன்புப் பெருநாள் 3ஆம் தேதியும் வந்தன. பிறையைக் கணக்கிட்டு நடக்கும் நாள்காட்டி என்பதால் ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகர்ந்துகொண்டே போகும். தீபாவளியோடு அது இப்படி ஒட்டிக்கொண்டு சில ஆண்டுகள் வந்தால், மறுபடியும் அப்படி அமைய ஏறத்தாழ 33 ஆண்டுகள் ஆகும். அந்த வாரங்களில் ஜாலான் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சேலை எடுக்க வந்தவர்களும், மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங் எடுக்க வந்தவர்களும் ஒரே நடைபாதையில் இடித்துக்கொண்டு நடந்தோம். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, அம்மாவுக்குச் சேலை எடுப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. பசியோடு மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் ரயில் ஏறி, இரண்டாவது நிலையமான கம்போங் பாருவில் இறங்கி, ஜாலான் ராஜா அலாங்கில் இருக்கும் சந்தைக்குப் போனேன்.

அங்கே முதலில் கண்ணில் பட்டது தெப்போங் பெலித்தா. பாண்டான் இலையைத் தோணிபோல் மடித்து, அடியில் கொஞ்சம் சர்க்கரை போட்டு, மேலே பச்சை நிற மாவுக் கூழும் அதற்கும் மேலே கெட்டித் தேங்காய்ப்பால் கூழுமாக ஊற்றி வேகவைத்த பலகாரம். வாங்கிக்கொண்டு, தேங்காய்ப்பால் குழம்பு தடவிக் கரியில் சுட்ட கோழியான ஆயாம் பெர்ச்சிக் விற்கும் ஒரு மாக்சிக்கின் கடை வரிசையில் போய் நின்றேன். வயதில் மூத்த மலாய்ப் பெண்மணியை மாக்சிக் என்றுதான் இங்கே அழைப்போம். மணி ஆறரை இருக்கும். நின்றபடியே, எந்த யோசனையும் இல்லாமல், இலையைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கிவிட்டேன்.

இரண்டாவது வாய் வைத்தபோது, எனக்கு முன்னால் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுவன் திரும்பிப் பார்த்தான். ஆறேழு வயது இருக்கும், தலையில் சொங்கோக் தொப்பி. “ஈபு, காக்கா து மாக்கான்” என்றான். அம்மா, அந்த அக்கா சாப்பிடுகிறாள் என்பதுதான் அதன் பொருள். புகாராக இல்லை, வியப்பாகத்தான் சொன்னான். அவன் தாய் சட்டென்று அவன் முகத்தைத் தன் இடுப்போடு அணைத்துத் திருப்பிவிட்டார். அப்போதும் அவனுடைய ஒரு கண் என் கையிலிருந்த இலையை விட்டு நகரவில்லை. அவன் எச்சில் விழுங்கியது எனக்குத் தெரிந்தது. வாயில் இருந்ததை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அடுப்புக் கரியை விசிறிக்கொண்டிருந்த மாக்சிக் என்னை நிமிர்ந்து பார்த்து, ஒரு சிறிய பிளாஸ்டிக் பையை நீட்டி, “சிம்பான் டுலு, டிக்” என்றார். இப்போதைக்கு எடுத்து வையம்மா என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

சட்டம் உன்னைத் தடுக்கவில்லையே, எதற்கு இத்தனை வெட்கம் என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். உண்மைதான், நோன்பு நேரத்தில் பொது இடத்தில் உண்டால் நடவடிக்கைக்கு உள்ளாகக் கூடியவர்கள் முஸ்லிம்கள் மட்டுமே, மற்றவர்களை ஷரியா சட்டம் கட்டுப்படுத்தாது. மதியம் உணவகத்தில் அமர்ந்து சாப்பிடுவதற்கு நான் ஒருபோதும் தயங்கியதில்லை, நீங்களும் தயங்க வேண்டியதில்லை. ஆனால் விடியலுக்கு முன் உண்டுவிட்டு, பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல், நோன்பு துறப்பதற்கு உணவு வாங்க வந்து நிற்பவர்களின் வரிசைக்கு நடுவில் நின்று சாப்பிடுவது வேறு. அங்கே எல்லாமே பொட்டலம் கட்டித்தான் தருவார்கள். உட்கார இடமும் பெரும்பாலும் இராது. வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் அந்தச் சந்தையின் வழக்கம்.

நேரத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான சந்தைகள் மூன்று மணி வாக்கில் களை கட்டத் தொடங்கும். கோலாலம்பூரில் மார்ச் மாதத்தில், நோன்பு துறக்கும் நேரமான மக்ரிப் பாங்கு ஏழரையை ஒட்டிச் சொல்லப்படும். நோன்பு இல்லாத நீங்கள் நாலு, நாலரைக்கே போய் வந்துவிட்டால், அலுவலகம் விட்டு ஓடி வருபவர்களுக்கு வரிசை குறையும். மாலை இடிமழையிலிருந்தும் தப்பலாம். பாங்குக்கு முந்தைய அரை மணியில் மீந்ததை விலை குறைத்துக் கூவி விற்பார்கள் என்பது மெய்தான், ஆனால் அப்போது நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். எந்தச் சந்தை என்றால், கார் இல்லாத உங்களுக்குக் கம்போங் பாருதான் வசதி. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், கிளானா ஜெயா, ஷா ஆலாம், புத்ராஜெயா ஆகிய இடங்களின் சந்தைகளும் பெயர் பெற்றவை. நண்பர் யாராவது காரில் அழைத்துப் போனால் போங்கள், நிறுத்த இடம் தேடும் பாட்டை அவரே படட்டும்.

மாட்டிறைச்சி உண்ணாதவராக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மலாயில் ‘டாகிங்’ என்றால் பொதுவாக இறைச்சி என்று அகராதி சொல்லும். கடையில் அது மாட்டிறைச்சியைத்தான் குறிக்கும். இறைச்சி வைத்து மடித்த ரொட்டியான முர்தபாக் வாங்கும்போது “ஆயாம் அத்தாவ் டாகிங்?” என்று கேட்டு, கோழிதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கம்போங் பாரு ஜாமெக் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பின் இலவசமாக வழங்கப்படும் புகழ்பெற்ற புபோர் லம்போக் கஞ்சியில் இறைச்சியும் உலர்ந்த இறாலும் சேரும். மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசலில் நம் ஊர் நோன்புக் கஞ்சியே கிடைக்கும், அங்கே நீங்கள் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். சைவம் என்றால், வெறுமனே அந்தச் சொல்லைச் சொல்வதில் பயனில்லை. இறாலையும், இறாலை அரைத்துச் செய்யும் பெலாச்சானையும் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அரிசி மாவு, தேங்காய்ப்பால், பனை வெல்லம் கொண்டு செய்யும் பலகாரங்களையும், மூங்கிலுக்குள் வாழையிலை சுற்றிப் பசை அரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் லெமாங்கையும் நம்பி வாங்கலாம். புத்து பீரிங் என்பது நம் புட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை. நடுவில் பனை வெல்லம் உருகி நிற்கும்.

அடுத்த ஆண்டு, 2006இல், தீபாவளி அக்டோபர் 21, நோன்புப் பெருநாள் 24. நாலரை மணிக்கே அதே கடைக்குப் போனேன். ஓர் ஆண்டில் மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். மாக்சிக் என்னைப் பார்த்ததும், “இது பெலித்தாப் பெண்ணல்லவா! இன்றைக்கும் உனக்கு நோன்பில்லைதானே? இங்கே வா” என்று மலாயில் சொல்லி, கூடாரத் துணிக்குப் பின்னால் அழைத்துப் போனார். எனக்குக் கை சில்லிட்டது. அவரோ அலுமினியப் பானையிலிருந்து ஒரு கரண்டிப் பெர்ச்சிக் குழம்பை எடுத்து ஆற்றி, என் உள்ளங்கையில் சிறிது விட்டு, உப்புப் போதுமா என்று பார்க்கச் சொன்னார். முந்தின நாள் கரித்ததாக இருவர் வந்து சொல்லிவிட்டார்களாம். காலையிலிருந்து கிளறுகிறேன், வாயில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை என்றார். கெட்டித் தேங்காய்ப்பாலும் இஞ்சியும் காய்ந்த மிளகாயும், கிளந்தான்காரர்களுக்கே உரிய இனிப்பும், பின்னால் மெல்லிய புளிப்பும் இருந்தன. உப்புத்தான் இல்லை. “சிக்கிட் லாகி”, இன்னும் கொஞ்சம் என்றேன். மூன்று விரலால் உப்பை அள்ளிப் போட்டுக் கிளறி, மறுபடியும் கொடுத்தார். இப்போது சரியாக இருந்தது.

அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்தில் ஒரு நாளாவது போய் உப்புப் பார்த்துக் கொடுத்தேன். பெருமைக்காகச் சொல்கிறேன் என்றால், ஆம், கொஞ்சம் பெருமைதான். தேவை ஏற்பட்டால் சமைப்பவர் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு விழுங்காமல் துப்பிவிடலாம் என்று மார்க்கம் அறிந்தவர்கள் சொல்வார்கள் என்பது எனக்கும் தெரியும். அவர் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள விரும்பாதவர், அவ்வளவே. இதில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, ஆசையும் இல்லை.

எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று. நோன்பில்லாதவர்கள் கூட்டமாக வந்துதான் விலையை ஏற்றிவிட்டார்கள் என்று சில ஆண்டுகளாக ஒரு பேச்சு அடிபடுகிறது. கடை போடும் இடத்துக்கு உரிமம் எடுத்தவர் ஒருவர், அதைக் கூடுதல் வாடகைக்கு வாங்கிச் சமைத்து விற்பவர் இன்னொருவர் என்ற இடைத்தரகர் தொல்லையைப் பற்றி ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் முறையீடு வருகிறது. சமைப்பவர் அந்த வாடகையைக் கோழித் துண்டின் மேல் ஏற்றாமல் எங்கே ஏற்றுவார்? கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விலையைப் படம் எடுத்துப் பரப்பி, அடுப்பின் முன் நிற்பவரைக் கொள்ளைக்காரர் என்று ஏசுபவர்கள், அவர் அந்த இடத்துக்கு எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு முறை கேட்டிருக்கிறார்களா?

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் சந்தையே போடப்படவில்லை. மறுபடியும் போய்ப் பார்த்தபோது மாக்சிக்கின் இடத்தில் ஓர் இளைஞர் ஆயாம் பெர்ச்சிக் விற்றுக்கொண்டிருந்தார். மாக்சிக் கிளந்தானில் உள்ள கோத்தா பாருவுக்கே திரும்பிவிட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். இப்போதும் அங்கேதான் வாங்குகிறேன். போன முறை குழம்பில் உப்புச் சற்றுக் குறைவு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மறுநாள் போனபோது சொல்லலாமா என்று நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது, காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.