ஒரு பாடத்தில் பி குறைந்துவிட்டது, ஓஃபர் போய்விட்டதா?

ஹட்டனிலிருந்து ஒரு அண்ணன் கேட்கிறார்: தங்கச்சி வணிகப் பிரிவில் உயர்தரம் எழுதினாள். இங்கிலாந்தில் ஒரு கேம்பஸ் கணக்கியல் படிக்க நிபந்தனையோடு ஓஃபர் கொடுத்திருந்தது. இரண்டு பி, ஒரு சி வேண்டும், அதிலும் கணக்கீட்டில் கட்டாயம் பி. வந்தது ஒரு பி, இரண்டு சி. அந்த பி கணக்கீட்டில்தான். டிப்போசிட்டும் கட்டிவிட்டோம். ஏஜென்ட், "அந்த ஓஃபர் போச்சு, வேற கேம்பஸுக்கு உடனே காசு கட்டுங்க" என்கிறார். என்ன செய்வது?

தம்பி, முதலில் ஏஜென்டுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஓஃபர் போய்விட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டியது கேம்பஸ், அவர் இல்லை. நிபந்தனை தவறினால் சேர்க்காமல் விட அவர்களுக்கு உரிமை உண்டு, ஆனால் சேர்க்கக் கூடாது என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு படி குறைந்த பிள்ளைகளை, அந்தப் படிப்பில் இடம் மிச்சம் இருந்தால், எடுத்துக்கொள்வது அங்கே நடக்கிற விஷயம்தான். (வெளிநாட்டுப் பிள்ளை உள்ளூர்ப் பிள்ளையைவிடக் கூடுதலாகக் கட்டணம் கட்டுகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.) முக்கியமாகக் கேட்ட பாடத்தில் கேட்ட பெறுபேறு வந்திருப்பது உங்கள் கையில் இருக்கிற நல்ல துருப்பு.

லண்டன் ஏ.எல். எழுதியவர்களின் பெறுபேறு பெரும்பாலும் தானாகவே யூகாஸுக்கு (இங்கிலாந்துக் கேம்பஸ்களுக்கான விண்ணப்பங்களைக் கையாளும் பொது அமைப்பு) போய்விடும், நம் உயர்தரப் பெறுபேறு அப்படிப் போகாது. நாம்தான் அனுப்ப வேண்டும். போனில் எடுத்த ஸ்கிரீன்ஷொட்டை வைத்துச் சமாளிக்காமல், பரீட்சைத் திணைக்களத்தின் இணையச் சேவையில் ஆங்கிலப் பெறுபேற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், பத்தரமுல்லை வரை பஸ் ஏறத் தேவையில்லை. ஆனால் அது வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். இன்றைக்கே தங்கச்சி தன் சொந்த மெயிலிலிருந்து அட்மிஷன் பகுதிக்கு எழுதட்டும். மேலே விண்ணப்ப இலக்கம், அப்புறம் மூன்று பாடப் பெறுபேறும் மறைக்காமல், அடுத்து "கணக்கீட்டில் நீங்கள் கேட்ட பி இருக்கிறது, இந்தப் பெறுபேற்றோடு என்னை ஏற்பீர்களா, இல்லையென்றால் வேறு படிப்போ, ஃபவுண்டேஷன் என்கிற ஆயத்த வருடமோ தருவீர்களா" என்று நேரடியாக ஒரு கேள்வி. எட்டு வரி போதும், அழுது புலம்பி இரண்டு பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பரீட்சை நேரத்தில் உண்மையாகவே ஏதாவது நடந்திருந்தால், உதாரணத்துக்கு 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து பரீட்சையே இடையில் நின்றபோது மண்சரிவால் வீட்டைவிட்டுப் போக வேண்டி வந்தவர்கள், அதை இரண்டு வரியில் சொல்லி அதிபரின் கடிதத்தையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் இணைக்கலாம். இல்லாததை எழுத வேண்டாம்.

பதில் மூன்று மாதிரி வரும். சரி என்றால் நிபந்தனையற்ற ஓஃபர் வரும், அதற்குப் பிறகுதான் காஸ் (விசாவுக்காகக் கேம்பஸ் கொடுக்கும் உறுதிப்படுத்தல் இலக்கம்) கிடைக்கும், காஸ் இல்லாமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அதனால் "இப்பவே விசா ஃபைல் போடுவோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாவது, வேறு படிப்பு அல்லது ஃபவுண்டேஷன். இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் ஃபவுண்டேஷன் என்றால் ஒரு வருடக் கட்டணமும் ஒரு வருடச் சாப்பாடு, வாடகையும் கூடுதல், அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்ட வேண்டும். மூன்றாவது, முடியாது. யூகாஸ் வழியாகப் போட்டு இரண்டாம் தெரிவு வைத்திருந்தால் அங்கே நிபந்தனை குறைவாக இருக்கலாம், அதுவும் இல்லையென்றால் ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை கிளியரிங் (மிச்சமுள்ள இடங்களை நிரப்பும் முறை) இருக்கிறது, அதில் தங்கச்சியே நேரடியாகப் பேசி இடம் கேட்கலாம்.

டிப்போசிட் விஷயத்தில், ஓஃபரோடு வந்த விதிமுறையில் பணம் திருப்பித் தரும் பகுதியைத் தேடிப் படியுங்கள். பெறுபேறு போதாமல் இடம் கிடைக்காதவர்களுக்கு நிர்வாகச் செலவைக் கழித்துவிட்டு மீதியைத் திருப்பித் தரும் கேம்பஸ்கள் பல உண்டு. அந்தக் கோரிக்கையையும் ஏஜென்ட் வழியாக இல்லாமல் நேரே கேம்பஸுக்கே அனுப்புங்கள்.

மீள்திருத்தம் போடலாம், ஆனால் முடிவு வர மாதக்கணக்கில் இழுக்கும், அதை நம்பி செப்டெம்பர் வகுப்பைத் திட்டமிட முடியாது.

கடைசியாக, வெளிநாட்டுக் கனவில் நம் பக்கத்துப் பிள்ளைகள் கோட்டை விடுவது இதைத்தான். தங்கச்சியின் இசட் புள்ளியை, அதாவது இங்குள்ள பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளியை, பார்த்தீர்களா? அரச பல்கலைக்கழகத்தில் கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான படிப்புகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அந்தப் பட்டியலில் ஹட்டன் இருக்கும் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன. கொழும்பில் போதாத புள்ளி நுவரெலியாவில் போதுமாக இருக்கலாம். போன வருட வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டுப் பார்த்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். இங்கிலாந்திலிருந்து பதில் வரட்டும் என்று அதன் முடிவுத் திகதி காத்திருக்காது.