முள் குத்தியது காலில், நெறி கட்டியது தொடையில்

கேள்வி: பாதத்தில் முள் குத்திச் சீழ் வைத்த இரண்டாம் நாள், தொடை இடுக்கில் நெறி கட்டிக்கொண்டது. காயம் ஓரிடத்தில் இருக்க, வீக்கம் வேறிடத்தில் வருவது ஏன்? (வாசகி, தேனி)

பதில்: நெறி என்று நாம் சொல்வது நிணநீர் முடிச்சைத்தான். அது புதிதாக முளைத்த கட்டி அன்று. உடலில் பல நூறாகப் பரவியிருக்கும் சிற்றுறுப்புகளில் ஒன்று, வேலை மிகுந்ததால் பருத்துக் கைக்குத் தட்டுப்படுகிறது.

திசுக்களில் கசியும் நீரில் இரத்தக் குழாய்களுக்குத் திரும்பாமல் மிஞ்சுவதை, நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டரை, நிணநீர் நாளங்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. இந்த நீரே நிணநீர். இதைத் தள்ளிவிட இதயம் கிடையாது. நாளச் சுவர் சுருங்குவதாலும், நடக்கையில் கால் தசைகள் அழுத்துவதாலும், பின்னோக்கி வழியவிடாத வால்வுகளாலும் நிணநீர் மேலேறி, முடிவில் கழுத்தடியில் உள்ள பெரிய சிரைகளில் கலக்கிறது. பாதத்திலிருந்து கிளம்புவது அந்த வழியில் தொடை இடுக்கைக் கடந்தாக வேண்டும். புண்ணில் நுழைந்த கிருமியின் துணுக்குகளை டென்ட்ரைட்டிக் செல்கள் எனும் காவல் செல்கள் அங்குள்ள முடிச்சுக்குக் கொண்டுவந்து காட்ட, அந்தத் துணுக்கு பொருந்துகிற டி செல்லும் பி செல்லும் (இரண்டும் லிம்போசைட்டுகள் எனும் வெள்ளணுக்கள்) பல்கிப் பெருகுகின்றன. பி செல்களில் ஒரு பகுதி பிளாஸ்மா செல்லாகி, கிருமியில் ஒட்டி அதை முடக்கும் எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. போதாக்குறைக்கு, உள்ளே வரும் லிம்போசைட்டுகளை முடிச்சு சிறிது காலம் வெளியே விடுவதுமில்லை. பிறகு வீங்காமல் என்ன செய்யும்?

இந்தச் செல்கள் யாவும் எலும்பு மஜ்ஜையில் பிறந்தவை. டி செல்கள் மட்டும் நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பிக்குச் சென்று தேர்ச்சி பெறுகின்றன. அந்தச் சுரப்பியின் பயனை ஆய்வாளர் ஜாக் மில்லர் 1961இல் வெளியிடும்வரை, அதை வேலையற்ற உறுப்பென்றே பலர் கருதினார்கள்.

நெறியைத் தேய்த்து நீவிவிடாதீர்கள். புண்ணுக்கு வைத்தியம் பாருங்கள். வலியே இல்லாமல், கல்போல் இறுகி, வாரக்கணக்கில் வற்றாத நெறியை மட்டும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: விபத்தில் என் தம்பியின் மண்ணீரலை அகற்றிவிட்டார்கள். அது இல்லாமல் வாழ முடியுமா? (வாசகர், கரூர்)

பதில்: முடியும். முடிச்சுகள் நிணநீரை வடிகட்டுவதுபோல மண்ணீரல் இரத்தத்தை வடிகட்டுகிறது. முதிர்ந்த சிவப்பணுக்களை அகற்றும் வேலையைப் பெரும்பாலும் கல்லீரல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் போன்ற, மேலே உறையுள்ள பாக்டீரியாக்களைப் பிடிப்பதில் மண்ணீரலுக்கு நிகரில்லை. ஆகவே அதற்கான தடுப்பூசிகளை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும். காய்ச்சல் கண்டால் மறுநாள் வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போகட்டும்.