அலெக்ஸியோஸின் காசு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் ஒரு வங்கிக்கு நகை மதிப்பீடு செய்துகொடுப்பது என் தொழில். பழைய காசுகள்மேல் ஆசை உண்டு. வாங்க வசதி இல்லை, படங்களாகச் சேர்த்துவைக்கிறேன். போன வாரம் பைசாந்திய (கிழக்கு ரோமானிய)ப் பேரரசர் முதலாம் அலெக்ஸியோஸ் கொம்னெனோஸின் (1081–1118) தங்கக் காசு ஒன்றின் படம் பார்த்தேன். தட்டையாக இல்லாமல் கிண்ணம்போலக் குழிந்திருக்கிறது. ஏன் அப்படிச் செய்தார்கள்? இவருக்கு முன்னால் ஆண்ட கையாலாகாத அரசர்கள் தங்கத்தில் கலப்படம் செய்து கெடுத்த காசை, இவர் 1092இல் சீர்திருத்தி மக்களைக் காப்பாற்றினார் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அந்தக் காலத்து டாலர் இதுதான் என்கிறார்கள், சரியா? இப்படிப்பட்ட மன்னரைப் பற்றித் தமிழில் யாரும் எழுதவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. நீங்கள் எழுத வேண்டும்.

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

படங்களாகச் சேர்க்கிறேன் என்று எழுதியிருப்பதைப் படித்து மகிழ்ந்தேன். அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். காசை இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்திருப்பவர்களில் பலர் உங்கள் அளவுக்கு அதைப் பார்த்ததில்லை.

கிண்ண வடிவத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது அலெக்ஸியோஸ் தொடங்கியதல்ல. அவருக்கு ஒரு தலைமுறை முன்பே, 11ஆம் நூற்றாண்டின் நடுவில், தங்கக் காசு அகலமாகி, மெலிந்து, குழிய ஆரம்பித்துவிட்டது. மெல்லிய தகடு மடங்காமல் இருக்கத்தான் என்பார்கள் சிலர். கூடவே புழங்கிய சிறிய, தடித்த, எடை குறைந்த தங்கக் காசிலிருந்து இதைத் தொட்டதும் பிரித்தறியத்தான் என்பார்கள் வேறு சிலர். அந்த எடை குறைந்த காசைக் கொண்டுவந்தவர் 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் நிகெஃபோரோஸ் ஃபோகாஸ். வரியை முழு எடைக் காசில் வாங்கிக்கொண்டு, கொடுக்க வேண்டியதைக் குறைந்த எடைக் காசில் கொடுத்தார் என்று அந்நாட்டு வரலாற்றாசிரியர்களே அவர்மேல் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். இந்த வித்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

டாலர் பேச்சை விட்டுவிடுவோம். அதில் விஷயம் ஒன்றும் இல்லை. அந்தக் காசின் மரியாதை தெரிய வேண்டுமென்றால் இலங்கைக் கதை ஒன்று இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்பவர் எழுதிவைத்தது. சோபட்ரோஸ் என்ற ரோமானிய வணிகர் இலங்கை மன்னர் முன் நிற்கிறார். பக்கத்தில் ஒரு பாரசீகர், எங்கள் ராஜாதான் பெரியவர் என்கிறார். சோபட்ரோஸ், இரண்டு ராஜாக்களும் இங்கேயே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று தங்கள் தங்கக் காசையும் பாரசீக வெள்ளிக் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார். மன்னர் ரோமானியரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விடுகிறார். ரோமானியப் பேரரசர் கான்ஸ்டண்டைன் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்துக்கு 72 காசு என்று வகுத்த கணக்கில் அடித்த காசு அது. ஒரு காசு ஏறக்குறைய நாலரை கிராம், அரைப் பவுனுக்குச் சற்று மேல். மாற்று கிட்டத்தட்ட 24 கேரட். சுமார் எழுநூறு வருடம் அது பெரிதாகக் குறையவில்லை.

இனி உங்கள் கடிதத்தின் அந்த ஒரு வரிக்கு வருகிறேன். ‘முன்னால் ஆண்ட கையாலாகாத அரசர்கள் கெடுத்த காசை இவர் சீர்திருத்தினார்.’ நீங்கள் உரைகல்லோடு பிழைப்பவர். யாரோ 22 கேரட் என்று சொன்னார்கள் என்பதற்காக உரைக்காமல் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா? அப்புறம் இதை மட்டும் எப்படி அப்படியே வாங்கிக்கொண்டீர்கள்? எனக்குக் கோபமே வந்தது. தெரியாதவர் சொன்னால் போகட்டும் என்று விடலாம். மாற்றுப் பார்ப்பதே தொழிலான நீங்கள் சொல்லக் கூடாது.

வரிசையாகப் பாருங்கள். நான்காம் மைக்கேல் காலத்தில் (1034–41) இறக்கம் ஆரம்பிக்கிறது. ஒன்பதாம் கான்ஸ்டண்டைன் 1055இல் சாகும்போது சுமார் 18 கேரட். 1071இல் மான்சிகெர்ட் போரில் துருக்கியரிடம் தோற்ற பிறகு வேகம் கூடுகிறது. ஏழாம் மைக்கேலுக்கு ஜனங்கள் ‘கால் குறைச்சல்’ என்ற பொருளில் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு தங்கக் காசுக்குக் கிடைத்த கோதுமை அவர் நாளில் கால்பங்கு குறைந்துபோயிருந்தது. மூன்றாம் நிகெஃபோரோஸ் 1081இல் பதவி இழந்தபோது காசு ஏறக்குறைய 8 கேரட். சரி, இதுவரை முன்னோர் பாவம். மிச்சமிருந்த அந்த 8 எங்கே போனது? 1081 ஏப்ரலில் அரியணை ஏறியவர் அலெக்ஸியோஸ். அடுத்த பத்து வருடத்தில் அவர் பெயரும் உருவமும் தாங்கி வந்த ‘தங்க’ காசில் தங்கம் கிட்டத்தட்ட இல்லாமலே போயிற்று. முதலில் வெளிறி வெள்ளியானது, பிறகு வெள்ளியும் குறைந்து செம்பு தலைகாட்டியது. ஏழு நூற்றாண்டில் அந்தக் காசு தொட்ட அடிமட்டம் உங்கள் மன்னரின் கைவேலை.

அவருடைய நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. பட்டத்துக்கு வந்த அதே ஆண்டு அக்டோபரில் டிராக்கியம் கோட்டையடியில் நார்மானியரிடம் படையைப் பறிகொடுத்தார். ஆசியா மைனரில் துருக்கியர், டான்யூப் பக்கம் பெச்செனெகு நாடோடிகள். கஜானா காலி. கோயில் வெள்ளியைக்கூட எடுத்து உருக்கினார், கால்கெதோன் ஆயர் லியோ அதைக் கடுமையாக எதிர்த்தார். அப்படித் திரட்டிய பணமும் மட்டக் காசும்தான் படைக்குச் சோறு போட்டன. அந்தப் படை 1091 ஏப்ரல் 29இல், குமான் என்ற இன்னொரு நாடோடிக் கூட்டத்தின் துணையோடு, லெவூனியன் என்ற இடத்தில் பெச்செனெகுகளை ஒழித்தது. மூச்சுவிட இடம் கிடைத்ததும், மறு வருடமே, நல்ல காசு அடித்தார். நெருக்கடி தீர்ந்த பிறகும் நல்ல காசுக்குத் திரும்பாத அரசாங்கங்கள் எத்தனையோ உண்டு. இவர் திரும்பினார். அதற்காக நானும் அவரை மதிக்கிறேன்.

அந்தக் காசும் அழகுதான். நீங்கள் பார்த்த படம் அதுவாகவே இருக்கும். குழிவின் ஒரு பக்கம் அரியணையில் கிறிஸ்து. மறுபக்கம் அலெக்ஸியோஸ் நிற்கிறார், நீண்ட அங்கி, ஒரு கையில் கோல், இன்னொரு கையில் சிலுவை பதித்த உருண்டை. மேல் மூலையைக் கவனியுங்கள். வானத்திலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு அவரை ஆசீர்வதிக்கும். பெயர் ஹைப்பர்பிரான், மாற்று இருபதரை கேரட். அதற்குக் கீழே தங்கமும் வெள்ளியும் கலந்த காசு, மூன்று சேர்ந்தால் ஒரு ஹைப்பர்பிரான். அதற்கும் கீழே துளி வெள்ளி கலந்த செம்புக் காசு, நாற்பத்தெட்டு சேர்ந்தால் ஒன்று. கடைசியில் சில்லறைச் செம்பு. இந்த அடுக்கு 1204இல் சிலுவைப் போர்வீரர்கள் கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடும்வரை, நூறு வருடத்துக்கு மேல் நின்றது.

ஆனால் ‘மக்களைக் காப்பாற்றினார்’ என்று எழுதுகிறீர்களே, எந்த மக்களை?

என் பெரியம்மாவுக்குக் கல்யாணத்தில் போட்ட மூன்று பவுன் சங்கிலி ஒன்று இருந்தது. முப்பது வருடம் கழித்து மகனின் படிப்புச் செலவுக்காக விற்கப் போனார், துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் உரைத்து, அமிலம் தொட்டு, அந்தக் கோடு மங்குவதைக் காட்டினார். 18தான் இருக்கிறது அம்மா, 22க்குக் கணக்குப் போட முடியாது என்றார். பெரியம்மா சண்டை போடவில்லை. கடைக்காரர் மேல் தப்பில்லை என்று அவருக்கே தெரிந்தது. செய்துகொடுத்த ஆசாரி எப்போதோ செத்துப்போயிருந்தார், அவரிடம் வாங்கிக் கொடுத்த தாத்தாவும் இல்லை. நடுவில் இரண்டு தடவை அதை அடகு வைத்தபோதுகூட யாரும் சரியாக உரைக்கவில்லை. நஷ்டம் முழுக்கக் கடைசியாக வைத்திருந்தவர் தலையில் விழுந்தது.

1092இல் நடந்ததும் இதுதான். புதுக் காசு வந்த அன்று பழைய காசு மாயமாகிவிடவில்லை. அது லெவூனியனில் சண்டை போட்டவன் மடியில் இருந்தது, அவனுக்குக் கோதுமை விற்றவன் பெட்டியில் இருந்தது. அரசாங்கம் அதை ஒரு காசு என்று சொல்லித்தான் அவர்களிடம் கொடுத்திருந்தது. இப்போது அதற்கு அந்த மதிப்பு இல்லை. சீர்திருத்தம் இனி வரும் காசைச் சரிசெய்தது. ஏற்கெனவே ஏமாந்தவனுக்கு அது எதையும் திருப்பித் தரவில்லை. சரி, வரியாகவாவது அந்தப் பழைய காசைக் கட்டலாம் அல்லவா? அங்கேதான் இரண்டாம் நிகெஃபோரோஸின் வித்தை மறுபடி வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் ஜோனராஸ், அரண்மனைப் பதவி வகித்துப் பிறகு துறவியானவர், சொல்லியிருக்கிறார்: அலெக்ஸியோஸ் செலவுக்குச் செம்புக் காசைக் கொடுத்தார், வரிக்குப் பொன்னைக் கேட்டார். ஜோனராஸுக்கு அலெக்ஸியோஸ்மேல் பிரியம் இல்லை என்பது உண்மை. ஆனால் புதுக் காசு வந்து பதினான்கு வருடம் கழித்தும், ஊருக்கு ஊர் வரிகாரர்கள் ஆளுக்கொரு கணக்கில் வசூலித்துக்கொண்டிருந்தார்கள். பழைய கணக்கில் எழுதிய வரிக்குப் புதிய காசில் எவ்வளவு என்று அரசே 1106 முதல் 1109 வரை திரும்பத் திரும்ப ஆணை போட வேண்டியிருந்தது. அந்த ஆணைகள் இன்றும் இருக்கின்றன. ஓஹ்ரிட் பேராயர் தியோஃபிலாக்ட் அதே வருடங்களில் எழுதிய கடிதங்களைப் படித்தால் வரிகாரர்கள் பற்றிய புலம்பல் ஓயவே ஓயாது. காப்பாற்றப்பட்ட மக்கள் இவர்கள்தானா?

இன்னொன்று. அலெக்ஸியோஸின் மகள் அன்னா கொம்னேனே அப்பாவைப் பற்றிப் பதினைந்து பகுதிகளில் வரலாறு எழுதினார். மடத்தில் ஒதுங்கி வாழ்ந்த முதுமையில், அவர்மேல் உயிரையே வைத்து எழுதியது. 1081இல் அப்பாவின் படை தலைநகரைக் கொள்ளையடித்ததற்காக அப்பா நாற்பது நாள் நோன்பிருந்து, கல்லைத் தலைக்கு வைத்து வெறுந்தரையில் படுத்ததைக்கூட விடாமல் சொல்கிறார். காசுச் சீர்திருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அப்பாவின் பெருமைகளில் ஒன்று இது என்றால் அன்னா விட்டிருப்பாரா? அதைச் சொல்லப்போனால் அதற்கு முந்தைய பத்து வருடத்தையும் சொல்ல வேண்டும். மகளால் முடியவில்லை என்றே நான் நினைக்கிறேன். அவர்மேல் எனக்குக் குறை இல்லை, அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது இரக்கம்தான் வருகிறது. நீங்கள் அலெக்ஸியோஸுக்கு மகள் இல்லையே, ரா. நீங்கள் சொல்லலாம்.

இந்தச் சீர்திருத்தம் நடந்த விதத்தை ஏடுகளிலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. காசுகளை வைத்து வரிசைப்படுத்தி 1969இல் நிறுவியவர் காசு ஆய்வாளர் மைக்கேல் ஹெண்டி. அலெக்ஸியோஸ் தன் மகன் ஜானை இணைப் பேரரசனாக முடிசூட்டிய நிகழ்வைக் காட்டும் காசுகள் இந்தப் புதிய அடுக்கில் இருந்ததுதான் 1092ஐக் காட்டிக்கொடுத்தது. நீங்கள் செய்கிற அதே வேலைதான், உலோகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்வது.

தமிழில் யாரும் எழுதவில்லை என்ற வருத்தத்தை என்மேல் இறக்கிவைக்க வேண்டாம். நீங்களே எழுதுங்கள். அந்த ஹைப்பர்பிரான் படத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்துவிட்டு, அலெக்ஸியோஸ் 1081 முதல் 1092 வரை அடித்த காசுகளின் படங்களைத் தேடி எடுங்கள். அருங்காட்சியகத் தொகுப்புகளில் கிடைக்கும். ஒன்பதாம் கான்ஸ்டண்டைன், ஏழாம் மைக்கேல், மூன்றாம் நிகெஃபோரோஸ் ஆகியோரின் காசுகளுக்குப் பக்கத்தில் அவற்றை வரிசையாக வைத்து நிறத்தைப் பாருங்கள். படத்தில் பார்த்தே மாற்றுச் சொல்ல முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் அந்த வரிசையில் உங்கள் கண்ணுக்குப் படுவது எனக்குப் படாது. பார்த்துவிட்டு அடுத்த கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்