கண்ணில் ஆர்.பி., காதும் மந்தம்: தொடர்பு உண்டா?
பென்னாகரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அக்கா மகனுக்கு விழித்திரை தேயும் ஆர்.பி. நோய், பொழுது சாய்ந்தால் மாட்டுக் கயிறு தடுக்கி விழுகிறான், பிறவியிலேயே காதும் மந்தம்.

தொடர்பு இருக்க நிறைய வாய்ப்புண்டு. விழித்திரைக்கும் உட்செவிக்கும் சில மரபணுக்கள் பொது; அதில் பழுது வந்தால் இரண்டும் கெடும். அஷர் நோய்க்குறி என்பார்கள். ஆறாவது விரல், உடல் பருமன், சிறுநீரகக் கோளாறு சேர்ந்திருந்தால் பார்டெட்-பீடல் என்ற இன்னொரு மரபணு நோய்க்குறியாக இருக்கலாம். ஆறு விரலை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுவார்கள், மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அக்காவைத் தாய்மாமனுக்கே கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நெருங்கிய உறவில் மணந்தால் இருவரிடமும் ஒரே மரபணுப் பழுது இருக்க வாய்ப்பு கூடும். அப்படிப் பெற்றோர் இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. அக்காவை யாரும் குறை சொல்ல விடாதீர்கள்.

சரி, முதலில் காது பரிசோதனை, அப்புறம் மரபணுச் சோதனை. பார்வை குறையக் குறையக் காதுதான் அவனுக்குத் துணை. கருவி வைப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.