காதுக்குள் ஓயாத சில்வண்டு: "பழகிக்கொள்ளுங்கள்" என்றால் எப்படிப் பழகுவது?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 54 வயது. பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் இரும்புத் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் 26 வருடமாக வேலை. வாரக் கடைசியில் உறுமி மேளக் குழுவில் வாசிப்பார். போன தீபாவளிக்குப் பிறகு இரண்டு காதிலும் சில்வண்டு கத்துகிற மாதிரி சத்தம், ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை என்கிறார். ராத்திரி 3 மணிக்கு எழுந்து ஹாலில் போய் உட்கார்ந்துகொள்கிறார். கிளினிக்கில் பார்த்துவிட்டு "காது நன்றாகத்தான் இருக்கிறது, பழகிக்கொள்ளுங்கள்" என்றார்கள். சொட்டு மருந்து, மூலிகை மாத்திரை என்று 3,000 ரிங்கிட்டுக்கு மேல் போய்விட்டது. காது நரம்பை வெட்டிவிட்டால் நின்றுவிடும் என்று ஒருவர் சொல்கிறார், உண்மையா? போன வாரம் "இப்படி இருக்கிறதுக்குப் போய்ச் சேர்ந்திடலாம்" என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். நாதஸ்வரம் வைத்தால் வரமாட்டேன் என்கிறார்.
பட்டர்வொர்த் வாசகி

பதில்: அம்மா, நீங்கள் கேட்டவற்றில் நரம்பு, மாத்திரை, கல்யாணம் எல்லாம் காத்திருக்கலாம். போன வாரம் அவர் சொன்ன அந்த வார்த்தை காத்திருக்காது. இன்றைக்கே தனியாக உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "உயிரை விட்டுடணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக முளைத்துவிடாது. பெரும்பாலும் கேட்டபிறகுதான் மனிதர் மூச்சு விடுகிறார். "ஆமாம்" என்றோ, மழுப்பலாகவோ பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது அவசர உதவிக்கு 999ஐ அழையுங்கள். பேச ஓர் ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 எந்த நேரத்திலும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. "சும்மா சலிப்பில் சொன்னேன்" என்றாலும் டாக்டரிடம் அதைச் சொல்லத்தான் வேண்டும். மனச்சோர்வும் தூக்கக் கெடுதலும் இந்த இரைச்சலைத் தாங்கமுடியாததாக்கும். அவை இரண்டுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது.

இனி இரைச்சலுக்கு வருவோம். மலாயில் தெலிங்கா பெர்டெசிங், ஆங்கிலத்தில் டின்னிடஸ், கர்ணநாதம் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் ஒன்றுதான்: வெளியே ஒலி இல்லாமலே கேட்கும் ஒலி. கிளினிக்கில் விளக்கு அடித்துப் பார்ப்பது செவிப்பறை வரைக்கும்தான். அவருக்குக் கெட்டிருப்பது அதற்கும் உள்ளே. நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பில் ஏறக்குறைய 15,000 மயிர்ச் செல்கள் உண்டு. மனிதனுக்கு அவை பிறவியில் கிடைத்ததோடு சரி, மறுபடி முளைப்பதில்லை. தொழிற்சாலைச் சத்தம் முதலில் சாய்ப்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும், கீச்சென்ற ஒலிகளைப் பிடிக்கும் செல்களை. எதிரே உட்கார்ந்து பேசினால் அவருக்குக் கேட்கும். அதனால்தான் "காது நன்றாக இருக்கிறது" என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. ஆனால் மாமாக் கடை இரைச்சலில் பேச்சு புரியாமல் "ஆ? என்ன?" என்பார். சரிதானா?

காரில் கேமரன் மலை ஏறும்போது மின்னல் எஃப்எம் மங்கிக்கொண்டே போவதைக் கேட்டிருப்பீர்கள். பாட்டு கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினால், பாட்டு வராது, "உஸ்ஸ்" என்ற இரைச்சல்தான் பெரிதாகும். மூளை செய்வதும் இதுதான். காதிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்ததும், அந்தச் சுருதிக்கு உரிய இடத்தில் மூளை தன் கவனிப்பைக் கூட்டுகிறது. அங்கே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் நரம்புச் சலசலப்பே சில்வண்டாகக் கேட்கிறது. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், காது குறையில்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் சில நிமிடம் உட்காரவைத்தார்கள். அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஒரு சத்தம் கேட்டது என்றார்கள். சலசலப்பு எல்லோர் தலையிலும் உண்டு. மற்றவர்களுக்கு வெளி ஒலி அதை மூடிவிடுகிறது.

நரம்பை வெட்டுவது வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். வேறு நோய்க்காகக் காது நரம்பை எடுக்கவேண்டி வந்தவர்கள் பலருக்கு, கேட்கும் சக்தி முழுவதும் போன பிறகும் இரைச்சல் தொடர்ந்திருக்கிறது. சிலருக்குக் கூடியும் இருக்கிறது. சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள்.

காது, மூக்கு, தொண்டை நிபுணரை ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும். கிளினிக் கெசிஹாத்தான் என்னும் அரசு சுகாதார நிலையத்தில் 1 ரிங்கிட் கட்டி, பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு பினாங்கு பொது மருத்துவமனைக்கு (ஜிஎச்) போகலாம். அங்கே கேட்புப் பரிசோதனை செய்வார்கள். அவருக்கு இரண்டு காதிலும், ஒரே மாதிரி, நிறுத்தாமல் கேட்பது ஒரு வகையில் நல்ல செய்தி. ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து "தொப் தொப்" என்று கேட்டாலோ ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டி வரும். திடீரென்று ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடவேண்டும். அதற்கான ஸ்டீராய்டு மருந்தை நாள் கடத்தாமல் தொடங்கினால்தான் பலன். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அதிக அளவு ஆஸ்பிரின் போன்ற சில மருந்துகளே காதில் இரைச்சலைக் கொண்டுவரும்.

"பழகிக்கொள்ளுங்கள்" என்ற வார்த்தைக்கு வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த வார்த்தையால் காயப்பட்டுத்தான் வருகிறார்கள். சொன்ன டாக்டர் பொய் சொல்லவில்லை, போய்ச் சேரவேண்டிய ஊரைத்தான் சொன்னார். எந்த பஸ்ஸில் ஏறுவது என்று சொல்லாமல் அனுப்பிவிட்டார்.

பட்டர்வொர்த் ரயில் பாதையோரம் குடி வந்தவருக்கு முதல் மாதம் தூக்கம் வராது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் "ரயிலா, எப்போது போச்சு?" என்பார். ரயில் சத்தம் குறையவில்லை. இதனால் ஆபத்தில்லை என்று மூளை முடிவு செய்து, வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. அதே மனிதர் வீட்டில் குழந்தை லேசாகச் சிணுங்கினால் எழுந்துவிடுவார். ஒரு சத்தம் நம்மைப் பிடித்து உலுக்குவதற்கு அதன் அளவைவிட, மூளை அதற்கு ஒட்டிய முத்திரைதான் காரணம். பரிசோதனை அறையில் இரைச்சலின் அளவைப் பொருத்திப் பார்த்தால் பலருக்கு அது, காதுக்குக் கேட்கத் தொடங்கும் அளவுக்கு மேலே 10 டெசிபலைக்கூடத் தாண்டுவதில்லை. இதைச் சொல்லி "இவ்வளவுதானா?" என்று யாரும் அவரைக் கேட்டுவிடக் கூடாது. அவர் படும் பாடு முழுக்க நிஜம். அந்தப் பாட்டைக் குறைக்க வழியிருக்கிறது என்பதற்காகத்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் மூளை அந்தச் சத்தத்துக்கு "ஆபத்து" என்று முத்திரை குத்திவிட்டது. முத்திரையை மாற்றுவதுதான் வேலை. அது சில வாரத்தில் முடியாது, பல மாதம் எடுக்கும்.

முதல் எதிரி அமைதி. ராத்திரி 3 மணிக்கு, விசிறியை அணைத்துவிட்டு, "இன்னும் கேட்குதா?" என்று உட்கார்ந்து கவனிப்பதுதான் அவர் செய்யக்கூடியதிலேயே மோசமான காரியம். இருட்டறையில் மெழுகுவத்தி எரிவதுபோல் அந்த ஒலி ஒன்றே தெரியும். விசிறி ஓடட்டும். மழைச் சத்தம், அலைச் சத்தம் போன்ற ஒலிகள் கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதைத் தலையணைப் பக்கம் வைத்து விடியும்வரை ஓடவிடுங்கள். ஆனால் சில்வண்டை முழுக்க அமுக்கும் அளவுக்குக் கூட்டவேண்டாம். அதுவும் இதுவும் கலந்து கேட்கிற அளவே போதும். முழுக்க மூடிவிட்டால், மூளை எதைப் பழகும்?

படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பப் படுக்கட்டும். எழுகிற நேரம் மாறக் கூடாது. கடிகாரத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். தெ தாரிக் (பால் தேநீர்) குடித்தால் இரைச்சல் கூடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். அதை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. சாயங்காலத்துக்குப் பிறகு வேண்டாம், தூக்கத்துக்காக. அவ்வளவுதான்.

பரிசோதனையில் கேட்புக் குறை தெரிந்தால் (தெரியும் என்றே நினைக்கிறேன்) காது கேட்கும் கருவி பொருத்திப் பார்க்க வேண்டும். "எனக்குக் கேட்குதே, கிழவன் மாதிரி இதெல்லாம் எதுக்கு?" என்று முரண்டு பிடிப்பார். கருவி செவிட்டுக்காக மட்டும் இல்லை. மங்கிப்போன வெளி ஒலியைத் திரும்பக் கொண்டுவந்தால், மூளை தானாகக் கூட்டிய சத்தத்தைக் குறைக்க ஒரு காரணம் கிடைக்கிறது. என் அனுபவத்தில், காசு செலவழிக்க வேண்டுமென்றால் முதலில் செலவழிக்கத் தகுந்த இடம் இது. வாங்குமுன் சில வாரம் சோதனைக்குத் தருகிற இடமாகப் பாருங்கள். கோலாலம்பூரில் யூகேஎம் பல்கலைக்கழகத்தில் கேட்பியல் (ஆடியோலஜி) படிப்பும் சிகிச்சையகமும் உண்டு. உறவினர் வீட்டில் தங்கிப் பார்த்துவர முடிந்தால் அதுவும் ஒரு வழி.

இரண்டாவது, சிபிடி: நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும், பேச்சு வழியிலான மனநலச் சிகிச்சை. டின்னிடஸ் தரும் துன்பத்தைக் குறைப்பதில் ஆய்வுகள் அதிகமாகத் துணை நிற்பது இதற்குத்தான். சத்தத்தின் அளவை அது குறைக்காது. "இது என் வாழ்க்கையை முடிச்சுடும்" என்ற எண்ண ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தக் கற்றுத் தரும். மனநல மருத்துவர் என்ற பெயரைக் கேட்டு "எனக்கென்ன பைத்தியமா?" என்று அவர் கோபப்பட்டால், தூக்கத்துக்காக என்று சொல்லி அழைத்துப் போங்கள். அதுவும் உண்மைதானே.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. டின்னிடஸுக்கென்று, அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த மருந்து ஒன்றுகூட இல்லை. ஜிங்கோ, துத்தநாகம், மெலட்டோனின் ஆகியவற்றைத் தரவேண்டாம் என்று அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014 வழிகாட்டியிலேயே எழுதிவிட்டது. சொட்டு மருந்து செவிப்பறையைத் தாண்டாது. காதில் பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். காதுக்குள் மெழுகுவத்தி வைத்து எரிக்கும் கூத்தையும் தூர வையுங்கள். தீக்காயத்தோடு வந்தவர்கள் உண்டு. நாக்கில் லேசான மின்தூண்டலும் காதில் ஒலியும் சேர்த்துத் தரும் லெனைர் என்ற கருவிக்கு 2023இல் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. விளம்பரத்தில் அதைப் பார்த்துவிட்டுக் கேட்பீர்கள். சிலருக்கு உதவலாம், நோயைத் தீர்ப்பதில்லை, விலையும் அதிகம். முதல் படியாக அதை எடுக்க வேண்டாம்.

வேலை இடத்தையும் கவனிக்காமல் விடக் கூடாது. மலேசியாவின் 2019 இரைச்சல் விதிகளின்படி 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 100க்கு வெறும் 15 நிமிடம். எல்லை தாண்டும் இடத்தில் வேலை செய்பவருக்கு முதலாளி கேட்புப் பரிசோதனை செய்யவேண்டும். பழைய அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். தொழிற்சாலைச் சத்தத்தால் காது கெட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சொக்சோ என்னும் தொழிலாளர் காப்புறுதி அமைப்பில் தொழில்நோயாக இழப்பீடு கோரலாம். கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள், அதற்காகத்தான் முதலாளி அவர் பேரில் சந்தா கட்டுகிறார்.

உறுமியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் சந்தோஷமாக இருக்கும் இடத்தையும் பிடுங்கிவிட்டால் சில்வண்டைக் கேட்க நேரம் இன்னும் கூடும். பயிற்சியிலும் ஊர்வலத்திலும் காதடைப்பான் போட்டுக்கொள்ளட்டும். பஞ்சு வைத்தால் போதாது.

நீங்கள் செய்யக்கூடிய ஒன்று: காலையில் எழுந்ததும் "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அக்கறையில்தான் கேட்கிறீர்கள். ஆனால் பதில் சொல்ல அவர் உள்ளே போய்ச் சத்தத்தைத் தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது. "தூங்கினீங்களா, தோசையா இடியப்பமா?" என்று கேளுங்கள்.

கல்யாணத்துக்கு வருவார், வரவேண்டும். நாதஸ்வரத்தை எடுக்க வேண்டாம். இசைக் கலைஞர்கள் போடும் வகைக் காதடைப்பான் வாங்குங்கள்; அது ஒலியைச் சீராகக் குறைக்கும், பேச்சும் புரியும். மேளக்காரர்களை மேடையின் மறுகோடியில் உட்காரச் சொல்லுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டி எதுவும் அவர் நாற்காலியைப் பார்த்து இருக்கக் கூடாது. கெட்டிமேளம் முழங்கும் அந்தச் சில நிமிடத்துக்கு அடைப்பானைப் போட்டுக்கொண்டு, முடிந்ததும் கழற்றி, வெளியே பந்தலில் சொந்தக்காரர்களோடு உட்காரட்டும். வீட்டுக்கு வந்தபிறகும் அமைதியைத் தேடி அதைப் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. அன்று ராத்திரி சத்தம் கொஞ்சம் கூடிக் கேட்டால் பயப்படவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். களைப்பிலும் அலைச்சலிலும் அப்படித்தான் ஏறும், தூங்கி எழுந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும்.